கலுங்குக்கு அப்பால்: ‘சூல்’ நாவலும் கௌசிகா நதியும்

1

கரிசல் இலக்கியத்துக்கு வெயில்தான் குலதெய்வம். பூமணியின் ‘வெக்கை’, எஸ். ராமகிருஷ்ணனின் ‘வெயிலைக் கொண்டு வாருங்கள்’, விருதுநகர்க்காரரான வசந்தபாலன் எடுத்த ‘வெயில்’ என்று தலைப்புகளை அடுக்கினாலே உடம்பு வியர்த்துவிடும். இந்த வரிசைக்குள் தண்ணீரை நடுவில் வைத்து எழுதப்பட்ட பெரிய நாவல் ஒன்றைச் சொல்லுங்கள் என்றால் பெரும்பாலான வாசகர்கள் சோ. தர்மனின் ‘சூல்’ என்பார்கள். 2016-இல் வெளிவந்த நாவல். 2019-ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதமி விருது பெற்றது. அதற்குப் பிறகு கண்மாய், குளம், தூர்வாருதல் என்று யார் பேச ஆரம்பித்தாலும் ஐந்தாவது நிமிடத்தில் இந்த நாவலின் பெயர் வந்துவிடுகிறது. ஒரு நாவலுக்கு இது பெரிய பேறு. கதையாக வாசிக்கப்படுவதோடு ஒரு வாதமாகவும் அது கையில் எடுக்கப்படுகிறது.

அதனால்தான் அதை வாதமாகவும் வாசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ‘சூல்’ நல்ல நாவலா என்பது என் கேள்வி இல்லை. நல்ல நாவல்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அது நமக்குத் தண்ணீரைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்த கண்ணைக் கொண்டு விருதுநகர் வழியாகப் போகும் கௌசிகா நதியைப் பார்க்க முடியுமா என்பதுதான் கேள்வி. முடியாது என்றே நினைக்கிறேன். அது தர்மனின் குறை மட்டும் இல்லை. கரிசல் இலக்கியம் மொத்தமும் தண்ணீரை எந்த அளவுகோலால் அளந்தது என்பதோடு தொடர்புடைய விஷயம் அது.

2

முதலில் நாவல் எதைச் சாதித்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

உருளைக்குடி என்ற ஊர், அதன் கண்மாய், எட்டயபுரம் அரண்மனையின் காலம். நாவலில் கதாநாயகன் என்று தனியாக ஒருவரும் இல்லை, கண்மாய்தான் எல்லாம். நிறைந்த கண்மாயை நிறைசூலியாகப் பார்ப்பது மேலோட்டமான உவமையாக நின்றுவிடவில்லை. மீன், பறவை, கரையில் நிற்கும் மரம், மரத்தடியில் இருக்கும் சாமி, சாமிக்குப் பின்னால் இருக்கும் கதை, அந்தக் கதையைக் கேலி செய்யும் கிழவி என்று ஒன்று இன்னொன்றைப் பெற்றுப் போட்டுக்கொண்டே போகிறது. கி.ரா.விடம் இருந்து வந்த வாய்மொழிச் சரளம் தர்மனிடம் இன்னும் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கிறது. அந்தக் கரடுமுரடு எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் நாவலில் உண்மையிலேயே அபூர்வமானது வேலையைப் பற்றிய விவரங்கள். ஊரே கண்மாய்க்குள் இறங்குகிறது. வண்டல் வண்டியேறி நிலத்துக்குப் போகிறது. கண்மாய்க்குப் பாரமாக இருப்பது நிலத்துக்கு உரமாகிறது. கரை, மடை, வரத்துக்கால், கலுங்கு என்று ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு வேலை, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஆள். அதில் முக்கியமானவர் நீர்பாய்ச்சி. யார் வயலுக்கு எப்போது எவ்வளவு தண்ணீர் என்று திறந்து மூடுகிற ஆள் அவர். ராத்திரியில் மழை அடித்துப் பெய்தால் கரையில் நிற்க வேண்டியவரும் அவர்தான்.

நான் மென்பொருள் வேலை பார்ப்பவன். எங்கள் தொழிலில் புதிதாக ஒன்றைக் கட்டுகிறவனுக்குத்தான் கைதட்டல். கட்டியதை விழாமல் பார்த்துக்கொள்கிறவன் பெயர் யாருக்கும் தெரியாது. விழுந்தால் மட்டும் ராத்திரி ரெண்டு மணிக்கு போன் வரும். நீர்பாய்ச்சியைப் பற்றி வாசித்தபோது, இந்த ஆளைத் தமிழில் யாராவது எழுதிவிட்டார்களே என்று சந்தோஷமாக இருந்தது. நம் நாவல்களில் கோயில் கட்டுகிறவர்களுக்கும் ஊரை நிறுவியவர்களுக்கும் பஞ்சமே இல்லை. பராமரிக்கிறவன் நடுவில் வந்து நிற்பது அபூர்வம். தண்ணீர் மழையாகக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது, வருஷா வருஷம் யாரோ முதுகு ஒடிய உழைத்தால்தான் அது கண்மாயில் நிற்கும் என்பதை ‘சூல்’ போல வேறெந்தத் தமிழ் நாவலும் எனக்கு உணர்த்தியதில்லை.

3

பிரச்சினை இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று கதையின் வளைவு. இன்னொன்று கதையின் எல்லை.

வளைவு நமக்குப் பழக்கமானது. ஒரு காலத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. பிறகு சுதந்திரம் வந்தது, கண்மாய் அரசாங்கச் சொத்தானது, ஊரின் கையை விட்டுப் போனது, சீரழிந்தது. நாவலின் பிற்பகுதி இந்தச் சரிவைச் சொல்கிறது. இதில் உண்மை இருக்கிறது. ஆனால் முழு உண்மை இல்லை.

டேவிட் மோஸ் என்ற மானுடவியலாளர் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்களைப் பல வருஷம் ஆராய்ந்து 2003-இல் ‘தி ரூல் ஆஃப் வாட்டர்’ என்ற நூலை எழுதினார். அதில் அவர் அடித்துச் சொல்வது இதுதான்: தன்னாட்சியோடு ஒற்றுமையாகக் கண்மாயைக் காத்த பழைய கிராமம் என்ற சித்திரத்தை அப்படியே நம்ப வேண்டாம். கண்மாய் அரசியலோடும் சாதியோடும் கோயில் மரியாதைகளோடும் பின்னிக் கிடந்தது. யார் மண் சுமப்பது, யார் பங்கு வாங்குவது, யார் மடையைத் தொடுவது என்பதெல்லாம் அதிகாரத்தால் தீர்மானமானது. தென்மாவட்டங்களில் பல ஊர்களில் நீர்பாய்ச்சி வேலையை மரபாகச் செய்துவந்தவர்கள் ஒடுக்கப்பட்ட சாதியினர். ஊரின் உயிரையே அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, அதே ஊர் அவர்களைத் தள்ளி வைத்திருந்தது.

‘குடிமராமத்து’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது அதைக் கேட்டால் ஊர்கூடித் தேர் இழுக்கிற மாதிரி ஒரு காட்சி மனதில் வருகிறது. ஆனால் 1858-இல் மதராஸ் மாகாணத்தில் அதற்காக ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது. அதன் பெயரே கட்டாய உழைப்புச் சட்டம். எல்லோரும் தானாக வந்து மண் வெட்டியிருந்தால் ‘கட்டாயம்’ என்ற வார்த்தைக்கு அங்கே என்ன வேலை? 2017-இல் தமிழ்நாடு அரசு 100 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் தொடங்கிய திட்டத்துக்கும் குடிமராமத்து என்றே பெயர் வைத்தார்கள். சட்டத்தின் கட்டாயம் மறந்துபோய், சொல்லின் இனிப்பு மட்டும் மிஞ்சியது.

‘சூல்’ இந்தக் கசப்பை அறியாத நாவல் இல்லை. தர்மனிடம் அரண்மனையும் உண்டு, சாதியும் உண்டு, வசவும் உண்டு. ஆனாலும் கடைசியில் மனதில் தங்குவது ஒரு ஒப்பாரி. ஒப்பாரிக்கு ஒரு இலக்கணம் இருக்கிறது: செத்தவரின் குறையைச் சொல்லக்கூடாது. அந்த இலக்கணத்துக்குள் கண்மாய் போய்விட்டதால், ‘பழையபடி ஆக்கிவிட்டால் போதும்’ என்ற முடிவுக்கு வாசகர் சுலபமாக வந்துவிடுகிறார். பழையபடி என்றால் மண்ணை யார் சுமப்பது என்று கேட்க அவருக்குத் தோன்றுவதில்லை.

இரண்டாவது விஷயம் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. கரிசல் இலக்கியத்தின் அளவுகோல் ஊர். ‘கோபல்ல கிராமம்’, ‘கோபல்லபுரத்து மக்கள்’ என்ற தலைப்புகளே போதும். ‘சூல்’ நாவலும் உருளைக்குடியின் கதை. ஊரின் எல்லைதான் கதையின் எல்லை. மழை வானத்திலிருந்து வந்து கண்மாயில் இறங்குகிறது, கண்மாயிலிருந்து வயலுக்குப் போகிறது, கதை நிறைவாகிவிடுகிறது. ஆனால் தண்ணீருக்கு ஊர் தெரியாது. கண்மாய் நிறைந்ததும் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். அங்கிருந்து அதற்கடுத்த ஊர். கடைசிக் கண்மாயும் நிறைந்தால் ஓடை, ஓடையிலிருந்து ஆறு. தண்ணீரின் அளவுகோல் வடிநிலம். நம் நாவல்கள் கலுங்கு வரைக்கும் தண்ணீரோடு நடந்து வருகின்றன. கலுங்கைத் தாண்டிய தண்ணீர் கதையை விட்டே வெளியேறிவிடுகிறது.

கலுங்குக்கு அப்பால் என்ன இருக்கிறது? எங்கள் பக்கத்தில் கௌசிகா இருக்கிறது.

4

கௌசிகா நதி பொதிகையிலோ சதுரகிரியிலோ பிறந்து அருவியாக இறங்கி வருகிற ஆறு இல்லை. வைப்பாற்று வடிநிலத்தின் துணைப்படுகைகளில் ஒன்று அது. வடமலைக்குறிச்சிப் பக்கத்துக் கண்மாய் நீரை வைத்துத் தொடங்கி, விருதுநகரை ஒட்டிப் போய், குல்லூர்சந்தை நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. அதாவது கண்மாய்கள் குடித்தது போக மிஞ்சிய தண்ணீரால் ஆன ஆறு. கண்மாய்கள் நிறைந்தால்தான் ஆறு. வருஷத்துக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டரைச் சுற்றி மழை பெய்கிற மாவட்டம், அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில். மிச்ச மாதங்களில் மணல் தெரிவதுதான் இந்த ஆற்றின் இயல்பு.

ஆனால் இன்று கௌசிகாவில் கோடையிலும் தண்ணீர் இருக்கிறது. அது ஊரின் சாக்கடை.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 2011 கணக்கெடுப்பின்படி விருதுநகர் நகராட்சியின் மக்கள்தொகை சுமார் 72,000. தலைக்கு ஒரு நாளைக்கு 70 லிட்டர் என்று குறைவாகவே வைத்துக்கொள்வோம். வீட்டுக்குள் வருகிற தண்ணீரில் ஐந்தில் நான்கு பங்கு கழிவாக வெளியே போகும் என்பது பொறியாளர்கள் வழக்கமாக வைத்துக்கொள்ளும் கணக்கு. பெருக்கினால் ஒரு நாளைக்கு 40 லட்சம் லிட்டர். தீபாவளி, பொங்கல், ஞாயிற்றுக்கிழமை என்று அதற்கு லீவு கிடையாது. பாதாளச் சாக்கடைத் திட்டம் வந்த பிறகும் கழிவுநீர் ஆற்றில் கலப்பது நின்றபாடில்லை. மழை கொடுக்க முடியாத ஒன்றை நகரத்தின் குளியலறைகளும் கழிப்பறைகளும் சேர்ந்து கொடுத்துவிட்டன: கரிசல் காட்டுக்கு ஒரு வற்றாத ஆறு.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் கதை இன்னும் விசித்திரமாகிறது. விருதுநகரின் குடிநீரில் ஒரு பங்கு ஆனைக்குட்டம் நீர்த்தேக்கத்துப் பக்கமிருந்து வருகிறது. அது அர்ஜுனா நதியின் தண்ணீர். இன்னொரு பங்கு தாமிரபரணியிலிருந்து குழாயில் வருகிறது. பொதிகையில் பிறந்து நெல்லைச் சீமையில் நெல்லுக்குப் பாய்கிற தாமிரபரணி, குழாய் வழியாக இன்னொரு வடிநிலத்துக்குள் ஏறி வந்து, ஒரு வீட்டின் வாளியில் அரை மணி நேரம் இருந்துவிட்டு, சோப்பு நுரையோடு கௌசிகாவில் இறங்குகிறது. நதிநீர் இணைப்பு என்று மேடை போட்டுப் பேசுகிறோம். யாரும் பேசாமலே ஒன்று ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது.

இந்த நீர் போய்ச் சேரும் குல்லூர்சந்தை நீர்த்தேக்கத்தில் ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கும். அது சும்மா வருகிற களை இல்லை. கழிவுநீரில் இருக்கும் நைட்ரஜனும் பாஸ்பரஸும்தான் அதன் சாப்பாடு. சாப்பாடு தாராளமாகக் கிடைத்தால் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். அடியில் நடப்பது இன்னும் மோசம். கழிவைத் தின்கிற நுண்ணுயிர்கள் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனையும் சேர்த்துத் தின்றுவிடும். மேலே இலை மூடியிருப்பதால் வெளிச்சமும் உள்ளே போகாது. தாக்குப்பிடிக்கிற ஒன்றிரண்டு மீனைத் தவிர மற்றது போய்விடும். அணையில் தண்ணீர் நிற்கும். ஆனால் கீழே இருக்கிற விவசாயி அதில் காலை வைக்க யோசிப்பார்.

இதை எந்தக் கரிசல் நாவலின் மொழியில் சொல்வது? நம்மிடம் வறட்சிக்குச் சொற்கள் உண்டு, நிறைவுக்குச் சொற்கள் உண்டு. வேண்டாத தண்ணீருக்குச் சொற்கள் இல்லை. சூல் என்ற உருவகத்தை இங்கே கொண்டுவந்தால் குரூரமாகிவிடும். ‘போச்சே’ என்ற ஒப்பாரியும் இங்கே பொருந்தாது. இங்கே எதுவும் போகவில்லை, வந்துகொண்டே இருக்கிறது. ஊரில் கேட்டால் ‘அது ஆறு இல்ல தம்பி, சாக்கடை’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு ஆற்றின் பெயரை மாற்றினால் போதும், அதற்கு யாரும் பொறுப்பு இல்லை என்றாகிவிடும்.

5

‘நாவலிடம் போய் நீரியல் கேட்கலாமா?’ என்று ஒருவர் என்னிடம் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நாவல் நாவலாக இருந்தால் போதும். ஆனால் அதன் மனச்சித்திரம் புத்தகத்துக்குள்ளேயே நின்றுவிடுவதில்லை. மீட்பு என்று நாம் எதைக் கற்பனை செய்கிறோமோ அதைத்தான் செய்யவும் செய்கிறோம்.

இப்போது நீர்நிலை மீட்பு என்றால் மனதில் வரும் படம் என்ன? ஒரு ஜேசிபி, ஒரு கொடி, வெட்டிப் போட்ட சீமைக்கருவேலம், பக்கத்தில் வரிசையாக நிற்கும் ஆட்கள். 2017 தொடக்கத்தில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்ற உத்தரவிட்டபோது கரிசல் காடு முழுக்க இந்தப் படம்தான். ஒரு ஊர், ஒரு கண்மாய், ஒரு நாள். இது ‘சூல்’ நாவலின் அளவுகோல்தான், ஆனால் அதில் இருந்த பராமரிப்பை மட்டும் கழற்றி எறிந்துவிட்ட வடிவம். நாவலில் வருஷா வருஷம் நடந்த வேலை இங்கே ஒரு நிகழ்ச்சியாகச் சுருங்கிவிட்டது.

கௌசிகா மாதிரியான ஆற்றில் இந்த முறை எடுபடாது. ஆழப்படுத்தினால் இன்னும் கொஞ்சம் அதிகச் சாக்கடை தேங்கும். ஆகாயத்தாமரையை அள்ளிக் கரையில் போட்டால், சாப்பாடு நிற்காதவரை அது திரும்பி வரும். நோயை விட்டுவிட்டுப் புண்ணுக்கு மருந்து போடுகிற கதை.

வடிநில மேலாண்மை என்ற துறை இதைத் தலைகீழாகப் பார்க்கச் சொல்கிறது. ஹனுமந்த ராவ் குழுவின் 1994 அறிக்கைக்குப் பிறகு இந்தியாவில் அதற்கென்று வழிகாட்டு நெறிகள் வந்தன. அடிப்படை எளிமையானது: மேட்டில் ஆரம்பி, பள்ளத்துக்கு வா. மழை விழுகிற இடத்திலேயே அதை மெதுவாக நடக்க வை. வரப்பு, தடுப்பணை, ஊருணி, வரத்துக்கால் என்று ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் நிறுத்து. ஆறு என்பது நிலத்தின் ஆகத் தாழ்ந்த கோடு. மேலே நாம் செய்ததெல்லாம் அங்கேதான் வந்து சேரும். ஆற்றைச் சரிசெய்ய வேண்டுமென்றால் ஆற்றில் நின்றுகொண்டு சரிசெய்ய முடியாது.

ராஜஸ்தானின் ஆல்வார் மாவட்டத்தில் ராஜேந்திர சிங்கின் தருண் பாரத் சங்கமும் கிராமத்து ஆட்களும் எண்பதுகளின் நடுவிலிருந்து ஜோஹாட் எனப்படும் சின்னச் சின்ன மண்தடுப்புக் குளங்களைக் கட்டியே அர்வாரி ஆற்றை மறுபடி ஓட வைத்தார்கள். பலரும் அணைகளின் எண்ணிக்கையைத்தான் சொல்வார்கள். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. ஆற்றின் கரையில் உள்ள ஊர்கள் சேர்ந்து ‘அர்வாரி நாடாளுமன்றம்’ என்று ஒரு சபை வைத்துக்கொண்டன. தண்ணீர் ஓடத் தொடங்கிய பிறகுதான் அதை யார் எவ்வளவு எடுப்பது என்ற சண்டை வரும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஊர்களைத் தாண்டி, வடிநிலம் அளவுக்கு ஒரு ஊர்க்கூட்டம்!

நம் பக்கத்திலேயே இன்னொரு கௌசிகா உண்டு. கோவை குருடிமலையில் தொடங்கி நொய்யலில் சேர்கிற ஆறு. அங்கே மழைநீரைப் பூமிக்குள் இறக்குகிற வேலைகளைத் தன்னார்வலர்கள் செய்துவருகிறார்கள். அந்தக் கௌசிகாவின் நோய் வறட்சி. எங்கள் கௌசிகாவுக்கு இரட்டை நோய்: மேலே கண்மாய்கள் மறுகால் பாய்வது குறைந்துவிட்டது, கீழே சாக்கடை நிற்காமல் ஓடுகிறது. மேலிருந்து நல்ல தண்ணீர் வராத ஆற்றுக்குக் கழிவை நீர்க்கச் செய்யும் சக்தியும் போய்விடும். அதனால் இரண்டு வேலையும் சேர்ந்தே நடக்க வேண்டும். மேலே கண்மாய்ச் சங்கிலியையும் வரத்துக்கால்களையும் திறக்க வேண்டும். நடுவில் நகரத்தின் ஒவ்வொரு வடிகாலும் ஆற்றில் விழுகிற இடத்தை அடைத்து, சுத்திகரித்து, பிறகுதான் விட வேண்டும். அந்த 40 லட்சம் லிட்டரை ஒழுங்காகச் சுத்திகரித்தால், கரிசல் காட்டில் நம்பகமாகக் கிடைக்கக்கூடிய பாசன நீர் அதுவாகத்தான் இருக்கும். மழை ஏமாற்றும், ஆனால் ஊர் தினமும் குளிக்கும்.

இதையெல்லாம் விட முக்கியமானது மூன்றாவது வேலை. சுத்திகரிப்பு நிலையத்தின் மோட்டாரை ராத்திரியில் யார் பார்த்துக்கொள்வது? கரண்ட் போனால் யாருக்கு போன் போகும்? நவீன நீர்பாய்ச்சி அவர்தான். பெரிய பெரிய திட்டங்கள் எல்லாம் செத்துப்போகும் இடமும் அதுதான் என்பது என் தொழில் அனுபவம்.

6

இந்த இடத்தில் சிவகாசியைப் பேசாமல் போனால் படம் முழுமையாகாது. 1923-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். தீப்பெட்டியும் பிறகு பட்டாசும் இந்த மண்ணில் ஊன்றியதற்கு ஒரு காரணம் வறண்ட காற்று; இன்னொரு காரணம் விவசாயம் கைவிட்ட ஆட்கள். பட்டாசு மருந்து வெயிலில் காய வேண்டும். மழை பெய்தால் அன்றைக்கு வேலை இல்லை, கூலி இல்லை. கண்மாய் நிறைய வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற அதே குடும்பம், தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் மழை வந்துவிடக் கூடாதே என்றும் வேண்டிக்கொள்ளும். பூமணி தீப்பெட்டித் தொழிலில் சிக்கிய குழந்தைகளைப் பற்றி ‘கருவேலம் பூக்கள்’ என்று படம் எடுத்தார். அந்தத் தலைப்பிலேயே காய்ந்த நிலமும் கூலி வேலையும் ஒன்றாக இருக்கின்றன. மழையை எல்லோரும் ஒரே மனதாக வரவேற்ற உருளைக்குடி இப்போது இல்லை. மழையே வேண்டாத பொருளாதாரம் ஒன்றின் மேல் உட்கார்ந்துகொண்டுதான் நாம் தண்ணீரைக் காக்கப் பேசுகிறோம். இந்த முரண் எவ்வளவு பெரிய நாவலுக்கான விதை!

தமிழில் அழுக்குத் தண்ணீரைப் பற்றி யாரும் எழுதவில்லை என்று சொல்ல மாட்டேன். சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’ திருப்பூரின் சாயக்கழிவைப் பேசிய முக்கியமான நாவல். நொய்யலில் 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை விவசாயத்துக்குப் பயன்படாமல் சாயத்தண்ணீர்த் தொட்டியானதும், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் நமக்குத் தெரியும். குல்லூர்சந்தைக்கு ஒரத்துப்பாளையம் ஒரு வகையில் அக்கா முறை. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. திருப்பூரில் குற்றவாளிக்கு ஒரு வாசல் இருந்தது, நீதிமன்றம் அதைப் பூட்டச் சொல்ல முடிந்தது. விருதுநகரில் எந்த வாசலைப் பூட்டுவது? 72,000 பேர் வீட்டு வாசலையுமா? அதில் என் வீட்டு வாசலும் ஒன்று. வில்லன் இல்லாத மாசு இது. வில்லன் இல்லாத கதையை எழுதுவது கஷ்டம். ஒப்பாரிக்கும் புகாருக்கும் பழகிய கைக்கு இன்னும் கஷ்டம்.

இன்னொரு அலமாரியில் வேறு சில புத்தகங்கள் இருக்கின்றன. சுந்தர ராமசாமி மொழிபெயர்த்த தகழியின் ‘தோட்டியின் மகன்’, பெருமாள்முருகனின் ‘பீக்கதைகள்’. மலத்தையும் அதை அள்ள வைக்கப்பட்டவர்களையும் கண்ணெடுத்துப் பார்த்த எழுத்து. 2013-இல் கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்து புதிய சட்டம் வந்த பிறகும் குழிக்குள் ஆட்கள் இறங்கிச் சாகிற நாட்டில் இந்த அலமாரி எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்த இரண்டு அலமாரிகளும் பேசிக்கொள்வதே இல்லை. தண்ணீர் நாவலில் சாக்கடை இல்லை. சாக்கடைக் கதையில் ஆறு இல்லை. கண்மாய் நம் பெருமை, சாக்கடை யாரோ சிலரின் வேலை என்று வாழ்க்கையில் பிரித்து வைத்தது போலவே இலக்கியத்திலும் பிரித்து வைத்திருக்கிறோம். மடையில் முங்கி எழுந்தவனும் ஆள்நுழைவுக் குழியில் இறங்கியவனும் அநேகமாக ஒரே தெருவிலிருந்து அனுப்பப்பட்டவர்கள் என்பதை, இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் படிக்கும்போதுதான் பார்க்க முடிகிறது.

‘சூல்’ நாவலை மறுபடி வாசிக்கிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதைத்தான். கடைசிப் பக்கங்களின் துக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்துவிடாதீர்கள். அது சுலபமாகக் கிடைக்கிற பகுதி. நடுப்பக்கங்களில் வரும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். யார், எப்போது, எந்தக் கூலிக்கு, எவ்வளவு நேரம் கரையில் நின்றார் என்கிற விவரங்களை. மீட்புக்கு உண்மையாகவே உதவக்கூடிய பகுதி அது. பிறகு அந்தக் கண்மாயின் கலுங்கில் போய் நின்று, இந்தத் தண்ணீர் இனி எங்கே போகும் என்று நாவல் கேட்காத கேள்வியை நீங்கள் கேளுங்கள்.

கௌசிகாவின் நாவலை யாராவது எழுதினால் அதற்கு ஒரு ஊர் போதாது. தாமிரபரணியில் தண்ணீர் எடுக்கிற குழாய், விருதுநகரில் ஒரு குளியலறை, வடமலைக்குறிச்சியில் நிறையாத ஒரு கண்மாய், மோட்டார் அறையில் தூங்காமல் இருக்கும் ஒப்பந்தத் தொழிலாளி, குல்லூர்சந்தையில் பச்சையாக மூடிக் கிடக்கும் நீரைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஒரு சம்சாரி என்று எல்லாவற்றையும் ஒரே வாய்க்காலில் கோர்க்க வேண்டும். அதில் வறட்சிக் கோலமும் இருக்காது, பொற்காலமும் இருக்காது. மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்கு என்ன அனுப்புகிறார் என்ற கணக்கு மட்டும் இருக்கும். கரிசலில் அந்தக் கணக்கைப் பழைய ஆட்கள் தலைமடை, கடைமடை என்று சொல்வார்கள். சொல் நம்மிடம் இருக்கிறது. கடைமடையில் நின்றுகொண்டு ஒரு நாவலைத் தொடங்க இன்னும் யாரும் வரவில்லை.